முகம் வெளிறாமல் ஓவர் எக்ஸ்போஸ் செய்வது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான்: ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை உட்காரவைத்து, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) +2-க்கு ஏற்றி, ஒளியைப் பனிபோல் பரப்பும் மிஸ்ட் ஃபில்டர் மாட்டி எடுத்தால் ஒளி கசியும் கனவு மாதிரியான போர்ட்ரெய்ட் வரும் என்று எதிர்பார்த்தால், நெற்றியில் மஞ்சள் திட்டு விழுகிறது, கறுத்த கூந்தல் சாம்பலாகிறது, மொத்தப் படமும் பாலில் முக்கி எடுத்ததுபோல் மங்குகிறது. எங்கே தப்பு?

மூன்று கோளாறு, மூன்றுக்கும் தனித்தனிக் காரணம். மஞ்சள் திட்டு, சிவப்புச் சேனல் மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பி வழிந்ததால் வந்தது. சாம்பல் கூந்தல், பின்னாலிருக்கும் ஜன்னல் வெளிச்சம் ஃபில்டரில் சிதறிக் கறுப்பின்மேல் படிந்ததால் வந்தது. மங்கல், படத்தில் எங்கேயுமே கூர்மையான ஓர் இடம் இல்லாததால் வந்தது.

வேர் ஒன்றுதான். வெளிச்சத்தைக் கூட்டுவது ஒரு வேலை, மென்மையாக்குவது வேறு வேலை என்று நினைத்து இரண்டையும் தாராளமாகச் செய்துவிடுகிறோம். மென்மைக்கான ஃபில்டரோ லென்ஸோ, வெளிச்சமான இடத்திலிருந்து ஒளியை எடுத்துத்தான் பக்கத்து இருட்டில் பூசுகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகும் ஒரு படி, மீட்டரில் +1) ஏற்றினால் முகமும் அந்தப் பூச்சும் சேர்ந்தே இரட்டிக்கின்றன. பின்னணி வெள்ளை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் அதற்குமேல் ஏற இடமில்லை. பூச்சு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும்.

முதலில் எக்ஸ்போஷர். +2 என்ற எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. எதை அளந்து +2 என்பதுதான் விஷயம். கேமராவின் மீட்டர் தான் பார்க்கும் எதையும் நடுச் சாம்பலாக, அதாவது சுமார் 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் பரப்பாக, எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில் வெள்ளைக்காரரின் சருமம் நடுச் சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே, ஆறாம் ஸோனில் வைக்கப்பட்டது. ஆங்கிலப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வரும் ‘ஸ்கின்னை +1 வை’ என்ற பாடமெல்லாம் அந்தக் கணக்கில் பிறந்தது. மாநிறச் சருமம் ஏறக்குறைய நடுச் சாம்பலிலேயே இருக்கும். நல்ல கறுப்பு நிறம் அதற்கு ஒரு ஸ்டாப் கீழே.

இதை, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டருக்குப் பொருத்திப் பாருங்கள். வெளிச்சம் விழும் பக்கத்துக் கன்னத்தை அளக்கிறோம். சிவந்த நிறமென்றால் இயல்பான எக்ஸ்போஷரே +1. ஓவர் எக்ஸ்போஸ் தோற்றத்துக்கு +1.7 முதல் +2 வரை போகலாம். மாநிறத்துக்கு இயல்பு 0, +0.7 முதல் +1 போதும். கறுத்த நிறத்துக்கு இயல்பே −1 என்பதால், மீட்டர் 0 காட்டும்போதே ஒரு ஸ்டாப் ஓவராகிவிட்டது, +0.3-ஐத் தாண்ட வேண்டாம். மூன்று பேருக்கும் நாம் கூட்டியது ஒரே ஒரு ஸ்டாப்தான், மீட்டரில் தெரியும் எண்தான் வேறு. முகத்தில் விழும் ஒளியையே அளக்கும் கையடக்க இன்சிடென்ட் மீட்டர் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்து, யாராக இருந்தாலும் ஒரு ஸ்டாப் திறந்தால் முடிந்தது. படம் முழுவதையும் சேர்த்து அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் ஜன்னல் பெரிதாகத் தெரிந்தால் அது தானாகவே எக்ஸ்போஷரை இறக்கிவிடும். நீங்கள் வைத்த +2 உண்மையில் முகத்தில் +0.5-ஆகக்கூட இருக்கலாம். கொஞ்சம் நகர்ந்தால் அதே +2 நிஜமான +2 ஆகிவிடும். மேனுவல் மோடில் பூட்டி வையுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கறுத்த முகத்தை மூன்று ஸ்டாப் ஏற்றிச் சிவப்பாக்குவது ஹை கீ ஆகாது. அது பழைய ஸ்டூடியோ டச்சிங்கின் ‘கொஞ்சம் கலரா’ வேலையின் தொடர்ச்சி. ஹை கீ என்றால் முகத்தைச் சுற்றியிருப்பதெல்லாம் வெளிச்சமாக இருப்பது. சுற்றுப்புறம் வெள்ளையாக இருந்து, முகம் தன் நிறத்திலேயே ஒரு ஸ்டாப் மட்டும் ஏறி நின்றால் கறுத்த சருமத்தில் கிடைக்கும் பளபளப்பு வேறெதிலும் வராது. அதை வெளுக்க வைத்தால் முதலில் காணாமல் போவது அந்தப் பளபளப்புதான்.

அடுத்தது மஞ்சள் திட்டு. நடுச் சாம்பலுக்கு மேலே டிஜிட்டல் சென்சாருக்குச் சுமார் மூன்று ஸ்டாப் இடம்தான் உண்டு. கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக்கில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கன்னத்தை +1-இல் வைத்தால் மிச்சம் இரண்டு ஸ்டாப். எண்ணெய் வழியும் நெற்றியும் மூக்கு நுனியும் கன்னத்தைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் மேலே போகும். அங்கேதான் இடிக்கிறது. சருமத்தில் சிவப்பு அதிகம், அடுத்தது பச்சை, கடைசியாக நீலம். நிரம்பும்போதும் அதே வரிசைதான். சிவப்பு உச்சத்தில் முட்டி நின்ற பிறகும் பச்சை ஏறிக்கொண்டிருக்கும். சிவப்பும் பச்சையும் சமமானால் மஞ்சள். அதையும் தாண்டினால் மூன்றும் நிரம்பி வெறும் வெள்ளை. அதனால்தான் திட்டின் நடுவில் வெள்ளையும் ஓரத்தில் மஞ்சள் வளையமும் தெரிகிறது. இதற்கு லைட்ரூம் மென்பொருளில் ஹைலைட்டை −100-க்கு இழுத்தால் சாம்பல் திட்டு கிடைக்கும், சருமம் கிடைக்காது.

கேமராவில் பார்க்கும்போது ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராமை (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை) பார்க்காதீர்கள். மூன்று நிற ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். ரா (சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) எடுத்தாலும் திரையில் காட்டப்படுவது கேமரா தயாரித்த ஜேபெக்கின் ஹிஸ்டோகிராம்தான். பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தால் அது ராவுக்கு ஓரளவு நெருங்கி வரும். ஒயிட் பேலன்ஸை ‘ஷேட்’ மாதிரிச் சூடான இடத்தில் வைத்தால் சிவப்பு பெருக்கப்பட்டு, ராவில் போகாத ஹைலைட்டும் போனதாகத் தெரியும். பயந்து எக்ஸ்போஷரை இறக்கிவிடுவோம்.

திரையில் சிமிட்டும் ஹைலைட் எச்சரிக்கை பின்னணித் துணியில் சிமிட்டட்டும், கவலையில்லை. நெற்றியில் சிமிட்டினால் இரண்டே வழி: 0.3 இறக்குவது, அல்லது டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு மேட் காம்பாக்ட் பவுடர் போடுவது. இரண்டாவதுதான் நல்லது. ஐந்து ரூபாய் டிஷ்யூ ஒரு ஸ்டாப்பை மிச்சப்படுத்தும். ஷிம்மர் கலந்த ஃபவுண்டேஷன், ஹைலைட்டர் இரண்டையும் இந்த வகைப் படத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு மினுக்கும் ஃபில்டரில் ஒரு வட்டமாக மலரும்.

நெகட்டிவ் ஃபிலிமில் எடுத்த வெளிர் நிறத் திருமணப் படங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி டிஜிட்டலில் இரண்டு ஸ்டாப் ஏற்றுவதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குத் தொடக்கம். நெகட்டிவில் வெளிச்சம் கூடக் கூட அடர்த்தி ஏறும் வேகம் மெல்லத் தணியும்; சுவரில் முட்டி நிற்காது. கோடக் போர்ட்ரா 400-ஐயும், 2021-இல் நிறுத்தப்பட்ட ஃபூஜி புரோ 400 எச்-ஐயும் ஐஎஸ்ஓ 200 என்றோ 100 என்றோ வைத்து, அதாவது ஒன்று இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்தவர்கள் ஏராளம். அந்தப் படங்களின் நிறத்தில் ஃபிலிமுக்கு எவ்வளவு பங்கோ, ஸ்கேன் செய்த லேபுக்கும் அவ்வளவு பங்கு. டிஜிட்டலில் அந்த மெல்லிய தணிவை நாம்தான் பிறகு வளைவாகப் போட வேண்டும். ஆகவே கேமராவில் முகத்தின் ஹைலைட் சுவரைத் தொடாத அளவுக்கு மட்டும், பெரும்பாலும் அந்த நிறத்தின் இயல்புக்கு மேல் 0.7 வரை, ஏற்றுங்கள். மிச்சத்தை ரா எடிட்டிங்கில் ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை எடுத்த ராவில் பிறகு ஒரு ஸ்டாப் ஏற்றினால் தெரியுமளவுக்கு நாய்ஸ் வராது.

இனி மென்மை. சாஃப்ட் ஃபோகஸ் என்பது ஃபோகஸ் தவறியது அல்ல. ஃபோகஸ் தவறினால் ஒரு புள்ளி சீரான வட்டமாகப் பரவும். கூர்மை எங்கும் இருக்காது. சாஃப்ட் ஃபோகஸில் அதே புள்ளி நடுவில் கூர்மையாகவே நிற்கும், அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படியும். இமைமுடி ஒவ்வொன்றாக எண்ண முடிய வேண்டும், அதன்மேல் ஒரு பனி இருக்க வேண்டும். இமைமுடியே தெரியவில்லை என்றால் அதற்குப் பெயர் அவுட் ஆஃப் ஃபோகஸ், கலை இல்லை.

கூர்மையும் வட்டமும் ஒரே நேரத்தில் வரக் காரணம் கோளப் பிறழ்ச்சி. லென்ஸின் நடுவில் நுழையும் கதிர்கள் ஓரிடத்திலும் விளிம்பில் நுழையும் கதிர்கள் சற்றே வேறிடத்திலும் குவிகின்றன. நடுக்கதிர் உருவத்தைத் தருகிறது, விளிம்புக்கதிர் பனியைத் தருகிறது. வழக்கமான லென்ஸில் இதைப் பாடுபட்டுத் திருத்துவார்கள். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸில் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். 1930-களில் ரோடன்ஸ்டாக் வெளியிட்ட இமாகான் லென்ஸுக்குள் சல்லடை மாதிரித் துளையிட்ட தகடுகள் வரும்: நடுவில் பெரிய துளை உருவத்துக்கு, சுற்றிலும் சிறு துளைகள் பனிக்கு. லைக்கா கேமராவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனத்திலிருந்து 1935-இல் வந்த தம்பார் 90 மி.மீ. எஃப் 2.2 லென்ஸில் வேலை தலைகீழ். நடுவில் வெள்ளிப்பொட்டு வைத்த கண்ணாடியை முன்னால் மாட்டி நடுக்கதிரைத் தடுத்துப் பனியைக் கூட்டினார்கள். லைக்கா 2017-இல் இதை மறுபடி வெளியிட்டது. விலையைப் பார்த்துவிட்டு இமாகானின் சல்லடையையே பேப்பரில் வெட்டிக்கொள்ளத் தோன்றும்.

சாஃப்ட் ஃபோகஸ் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைத் தொட்டு, கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய் 1879-இல் அங்கேயே இறந்தவர். தோட்டத் தொழிலாளர்களையும் உள்ளூர் மக்களையும் அங்கே படம் எடுத்திருக்கிறார். ஆனால் அவருடைய மென்மையின் பெரும்பகுதி நீண்ட எக்ஸ்போஷரிலும் ஆழமில்லாத ஃபோகஸிலும், உட்கார்ந்திருப்பவரின் அசைவிலும் பிறந்தது. இமாகான் வகை மென்மையோடு அதைக் குழப்பிக்கொண்டால் பயிற்சி தடம் மாறிவிடும்.

பழைய சந்தையில் இன்றும் கைக்கு எட்டுவது கேனன் ஈஎஃப் 135 மி.மீ. எஃப் 2.8 சாஃப்ட் ஃபோகஸ். 1987-இல் வந்தது. அதில் மென்மையைக் கூட்ட 0, 1, 2 என்று வளையம் உண்டு. எஃப் 2.8-இல் 2 வைத்தால் பனி கொட்டும், எஃப் 4-இல் பாதியாகும், எஃப் 5.6 தாண்டினால் வழக்கமான லென்ஸ்தான். எஃப் எண் கூடக் கூட அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், சுருங்கி விளிம்புக்கதிரை வெட்டிவிடுவதால் கோளப் பிறழ்ச்சி லென்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. லென்ஸ்பேபி வெல்வெட் 56-ஐ எஃப் 1.6-இல் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் எஃப் 2.8 முதல் 4 வரை வைத்துப் பார்த்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பார்கள். புதியதில் கேனன் ஆர்எஃப் 100 மி.மீ. மேக்ரோவில் கோளப் பிறழ்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருக்கிறது.

இவற்றில் எதுவானாலும் ஃபோகஸ் விஷயத்தில் கவனம் தேவை. மென்மையைக் கூட்டும்போதும் அபெர்ச்சரை மூடும்போதும் ஃபோகஸ் இடம் நகரும். முதலில் மென்மையையும் அபெர்ச்சரையும் முடிவுசெய்துவிட்டு, அதே நிலையில் லைவ் வியூவில் பெரிதாக்கி, கேமராவுக்குப் பக்கத்திலிருக்கும் கண்ணின் இமைமுடியில் ஃபோகஸ் வையுங்கள். திறந்த அபெர்ச்சரில் ஃபோகஸ் வைத்து மூடிய அபெர்ச்சரில் எடுத்தால், கண்ணுக்கு வைத்தது காதில் போய் விழும்.

ஃபில்டர் என்றால் அபெர்ச்சர் கவலை குறைவு. டிஃபன் பிளாக் புரோமிஸ்ட் மாதிரியானவற்றில் 1/8, 1/4, 1/2 என்று அளவு உண்டு. போர்ட்ரெய்ட்டுக்கு வாங்குபவர்கள் ஒரு படி அதிகமாகவே வாங்கிவிடுகிறார்கள். ஒரே ஃபில்டர் 35 மி.மீ. லென்ஸில் இருப்பதைவிட 85 மி.மீ. லென்ஸில் பலமாகத் தெரியும். 35-இல் 1/4 அழகாக இருந்தால் 85-க்கு 1/8 போதும். ஓவர் எக்ஸ்போஸ் சேரும்போது கண்டிப்பாக 1/8. ‘பிளாக்’ இல்லாத சாதா புரோமிஸ்ட் கறுப்பை இன்னும் அதிகமாகத் தூக்கிவிடும். ஹை கீக்கு அது வேண்டாம். ஹாசல்பிளாட் கேமராவுக்காக வந்த ஸைஸ் நிறுவனத்தின் சாஃப்டார் ஃபில்டர் வேறு வகை. கண்ணாடி மாதிரித் தெளிவான தகட்டில் சிறுசிறு குமிழ் லென்ஸ்கள் இருக்கும். கூர்மையை அதிகம் கெடுக்காமல் ஒளிவட்டம் தரும். கிடைத்தால் முதல் எண் போதும், மூன்றாம் எண் அளவுக்கு மீறியது.

காசு செலவழிக்காத வழியும் இருக்கிறது. மெல்லிய கறுப்பு நைலான் ஸ்டாக்கிங்கை லென்ஸ் முன்னால் இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். இறுக்கி இழுத்தால் மென்மை குறையும், தளர்த்தினால் கூடும். நடுவில் ஊதுவத்தி நுனியால் சிறிய துளை போட்டால் கண்ணில் கூர்மை நிற்கும். துணியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் துளை போட வேண்டும், லென்ஸ்மேல் கட்டிய பிறகு அல்ல. வெள்ளைத் துணி பின்னொளியைத் தானே வாங்கிக்கொண்டு படம் முழுவதையும் வெளிற வைக்கும், அதனால் கறுப்புதான். எஃப் 2.8, எஃப் 4-இல் எடுங்கள். எஃப் 11-க்கு மூடினால் வலைக் கண்ணியின் வடிவம் படத்தில் தெரிய ஆரம்பிக்கலாம். வாசலைன் தடவுவதென்றால் பழைய யூவி ஃபில்டர்மேல் மட்டும், நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுத்தமாக விட்டு. தடவிய திசைக்குக் குறுக்காக ஒளி இழுபடும். வட்டமாகத் தடவினால் வெளிச்சம் நடுவிலிருந்து பீறிடுவதுபோல் வரும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினால் போய்விடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் சென்னை ஈரத்தில் லென்ஸ் பனித்து நிற்குமே, அதுவும் சில நொடிகளுக்கு இலவச மிஸ்ட்தான். ஆனால் தினமும் செய்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். கூந்தல் ஏன் சாம்பலாகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. மாநிறக் கன்னம் 1 பங்கு ஒளி என்று வைத்துக்கொள்வோம். அதே விளக்கில் வெள்ளைப் பேப்பர் பின்னணி 5 பங்கு, கறுத்த கூந்தல் 0.1 பங்கு. முகத்துக்கும் கூந்தலுக்கும் விகிதம் 10-க்கு 1. பின்னணி ஒளியில் 4 சதவீதத்தை ஃபில்டர் படம் முழுக்கச் சிதறடிக்கிறது என்று வைத்தால் எல்லா இடத்திலும் 0.2 கூடும். முகம் 1.2, கூந்தல் 0.3, விகிதம் 4-க்கு 1 ஆகிவிட்டது. பின்னணியை இன்னொரு ஸ்டாப் ஏற்றி 10 பங்காக்கினால் எல்லாவற்றிலும் 0.4 கூடும். முகம் 1.4, கூந்தல் 0.5, விகிதம் 3-க்கும் கீழே. எக்ஸ்போஷரை எப்படி மாற்றினாலும் இந்த விகிதம் திரும்பி வராது. ஃபில்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் பின்னணியைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டூடியோவில் ‘பேக்ரவுண்டை ஒரு ஸ்டாப் கூட வை’ என்று சொல்லிக்கொடுக்கிற பாடம் இந்த இடத்தில் காலை வாருகிறது. வெள்ளைப் பேப்பர் ஒரே வெளிச்சத்தில் நடுச் சாம்பலைவிட இரண்டே கால் ஸ்டாப்புக்கு மேல் இருக்கும். முழு வெள்ளைக்கு இன்னும் முக்கால் ஸ்டாப் போதும். முகத்துக்காக நாம் ஏற்கெனவே +0.7 ஏற்றிவிட்டோம், வெள்ளை தானாகவே வெள்ளையாகிவிட்டது. அதன்மேல் பேக்ரவுண்டுக்குத் தனியாக ஒரு ஸ்டாப் என்றால், அந்த ஒளி முழுக்க மங்கலாகத்தான் திரும்பி வரும். முகத்தில் இன்சிடென்ட் மீட்டர் எஃப் 5.6 காட்டினால், பின்னணியில் எஃப் 5.6-உம் மூன்றில் ஒரு ஸ்டாப்பும் போதும். கேமராவை எஃப் 4.5-இல் வைத்தால் மொத்தமும் 0.7 ஏறும். ஆளைப் பின்னணியிலிருந்து ஆறேழு அடி முன்னால் நிறுத்துங்கள். பக்கத்தில் நின்றால் பின்னணி ஒளி கன்னத்தின் ஓரத்தில் ஏறிக் காதையும் தாடையையும் கரைத்துவிடும். படத்தில் தெரியாத வெள்ளைப் பரப்பையெல்லாம் கறுப்புத் துணியால் மூடுங்கள், லென்ஸில் ஹூட் போடுங்கள்.

வீட்டில் ஜன்னல் என்றால் ஆளை அதற்கு மூன்று நான்கு அடி முன்னால், முதுகு ஜன்னலுக்கு இருக்கும்படி உட்காரவையுங்கள். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வெளி உருவங்கள் மறைந்து ஒரே வெள்ளையாகும். முகத்துக்கு முன்னால் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் அட்டை இரண்டு, ஒன்று இடமும் ஒன்று வலமுமாக, முகத்திலிருந்து இரண்டரை அடியில். இரண்டுக்கும் இடையிலிருக்கும் சந்தில் லென்ஸ். கன்னத்தையும் வேட்டியையும் ஸ்பாட் மீட்டரில் அளந்து பாருங்கள். வேட்டி இரண்டு முதல் இரண்டரை ஸ்டாப் அதிகமாக இருந்தால் சரி. நான்கு ஸ்டாப் காட்டினால் வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டுங்கள், அட்டைகளை இன்னும் நெருக்குங்கள், அப்படியும் அடங்காவிட்டால் வெயில் இறங்கும்வரை காத்திருங்கள். எக்ஸ்போஷர் டயலில் கை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டு அட்டையும் ஒரே தூரத்தில் இருந்தால் முகம் தட்டையாகிவிடும். தட்டையான ஒளியில் சாஃப்ட் ஃபோகஸ் சோபிக்காது. எடுத்துப் பூசுவதற்கு ஹைலைட்டும், பூசிக்கொள்வதற்கு நிழலும் முகத்திலேயே வேண்டும். ஓர் அட்டையை நான்கடிக்கு விலக்குங்கள். அல்லது அதை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் கறுப்பு அட்டை வையுங்கள். மூக்கின் ஒரு பக்கமும் தாடையின் கீழும் மெல்லிய நிழல் விழுந்தாலே போதும். இமாகான் லென்ஸைக் கையாண்ட பழைய ஸ்டூடியோக்காரர்கள் மற்ற லென்ஸுக்கு வைப்பதைவிட அழுத்தமான விளக்கு வைத்ததும் இதனால்தான். மென்மையாக்கும் வேலையை லென்ஸ் பார்த்துக்கொள்ளும். விளக்கும் மென்மையாக, லென்ஸும் மென்மையாக இருந்தால் கஞ்சிதான்.

எவ்வளவு வெளிச்சமான படமானாலும் எங்காவது நிஜக் கறுப்பு வேண்டும். அது இருந்தால்தான் மற்றதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். நம் முகங்களில் அதற்குப் பஞ்சமில்லை: கண்மணி, கண்மை, புருவம், கூந்தல். மையைக் கொஞ்சம் தூக்கலாகவே போடச் சொல்லுங்கள். ஒரு ஸ்டாப் ஏறியதும் அது சரியான அளவுக்கு வந்து நிற்கும். உதட்டு நிறத்தையும் ஒரு படி அடர்த்தியாக எடுக்கவும். வெளிர் பிங்க் போட்டால் உதடே காணாமல் போகும். உடைக்கு வெள்ளை, சந்தனம், இளநீலம், இளம்பச்சைக் காட்டன். அரக்குப் பட்டு உடுத்தினால் அந்தப் பெரிய இருண்ட பரப்பு ஹை கீயை உடைத்துவிடும். உடுத்தியே ஆக வேண்டுமென்றால் தோளுக்கு மேலே நெருக்கி எடுங்கள். ஜரிகையும் கல் நகையும் ஃபில்டரில் பூப்பூவாக மலரும். ஒரு மூக்குத்தி மலர்ந்தால் அழகு, நெக்லஸ் முழுக்க மலர்ந்தால் கண் முகத்துக்கே போகாது.

எடிட்டிங்கில் முதலில் எக்ஸ்போஷர் +0.3 முதல் +0.7, ஹைலைட் −30 முதல் −50, பிளாக்ஸ் −10 முதல் −20. பிளாக்ஸை இறக்குவதற்கு முன்னால் கூந்தலைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் படிந்த கூந்தல் ஒரேயடியாகக் கறுத்து இழை மறைந்தால் பாதியாக்குங்கள். டோன் கர்வில் வலது மேல் முனையை 255-இலிருந்து 248-க்கு இறக்கி, அதற்கு முந்தைய கால் பகுதியை மெல்ல வளைத்தால் நெகட்டிவின் தணிவு கிடைக்கும். இந்த வளைவில் சருமத்தின் நிறம் வெளிறும் என்பதால் ஆரஞ்சு சேச்சுரேஷனை +5 முதல் +10 ஏற்றுங்கள். கிளாரிட்டியை −15-க்கு இறக்கலாம். கண்ணுக்கு மட்டும் மாஸ்க் போட்டு அங்கே 0-வுக்குத் திருப்புங்கள்.

எடுக்கும்போது ஃபில்டர் போடவில்லை என்றால் ஃபோட்டோஷாப்பில் லேயரை நகல் எடுத்து காசியன் பிளர் கொடுக்கலாம். 24 மெகாபிக்சல் படத்தில் தலையும் தோளும் நிறைந்திருந்தால் ரேடியஸ் 25 முதல் 40 பிக்சல். பிறகு பலர் லேயரை நார்மலிலேயே விட்டு ஒபாசிட்டியைக் குறைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கூந்தலின் கறுப்பும் நெற்றிக்குள் பரவி, முகத்தின் ஓரம் அழுக்காகத் தெரியும். இருட்டறைக் காலத்தில் தெரிந்த விஷயம் இது: கேமராவில் டிஃப்யூஷன் (ஒளியைப் பரப்பும் ஃபில்டர்) போட்டால் வெளிச்சம் நிழலுக்குள் கசியும், நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கும் என்லார்ஜரில் போட்டால் நிழல் வெளிச்சத்துக்குள் கசியும். நமக்கு வேண்டியது முதலாவது. லேயரை லைட்டன் மோடில் வைத்து 40 சதவீதம், அல்லது ஸ்கிரீனில் வைத்து 20 முதல் 25. ஸ்கிரீன் மொத்த வெளிச்சத்தையும் ஏற்றுவதால் அடியிலிருக்கும் படத்தை 0.3 குறைத்துக்கொள்ளுங்கள். கண், உதட்டு ஓரம், மூக்குத் துளைக்கு மேலே மாஸ்க்கில் அழித்துவிடவும். 1980-களில் புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்டன் ஸ்லைடு ஃபிலிமில் செய்ததும் இதன் இன்னொரு வடிவம்தான். ஒரே காட்சியைக் கூர்மையாக ஒன்றும் ஃபோகஸ் விலக்கி ஒன்றுமாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். இரண்டு ஸ்லைடு சேர்ந்தால் இருண்டுவிடும் என்பதால் இரண்டையும் ஓவர் எக்ஸ்போஸ் செய்தார்.

பிரிண்ட் போடும்போது லேபில் ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். ஆட்டோ கரெக்‌ஷன் இயங்கினால், படம் ஓவர் என்று மெஷின் நினைத்து இறக்கிவிடும். நீங்கள் பாடுபட்டு வெள்ளையாக்கிய பின்னணி சாம்பலாக வரும். இங்க்ஜெட்டில் 255 வெள்ளையில் மை விழவே விழாது, அதனால் பளபளப்புப் பேப்பரைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். கர்வில் 248-க்கு இறக்கியது இதற்கும் உதவும். கரிஷ்மா ஆல்பத்தில் (பக்கத்திலேயே படம் அச்சிடும் ஆல்பம்) வெள்ளைப் பக்கத்தின்மேல் வைக்கிறீர்கள் என்றால் படத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு சாம்பல் கோடு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.